ஹட்டனுக்கு வந்த புடவை வியாபாரி

விடுதியில் நான் ஹட்டனிலிருந்து வருகிறேன் என்று சொன்னதும் தோழியர் கேட்கும் முதல் கேள்வி குளிரைப் பற்றியது. இரண்டாவது, சிவனொளிபாத மலை ஏறியிருக்கிறாயா என்பது. மூன்றாவது கேள்வி பெரும்பாலும் வருவதில்லை. வந்தால், தேயிலையை விட்டால் அந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது என்று வரும். அந்த மூன்றாவது கேள்விக்கு நான் வைத்திருக்கும் பதில் ஒரு மனிதர். அவர் பெயர் கோதண்டராம நடேசய்யர். எங்கள் ஊரில் பிறந்தவரல்லர். தஞ்சாவூர்ப் பக்கத்தில் 1887ஆம் ஆண்டு பிறந்தவர். மலையகத் தொழிற்சங்க வரலாற்றை எவர் எழுதினாலும் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஹட்டன் என்ற சிறு நகரத்தின் கதையையும் அவரை வைத்தே சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஹட்டன் என்பது தமிழ்ப் பெயருமல்ல, சிங்களப் பெயருமல்ல. ஸ்கொத்லாந்தில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர். அங்கிருந்து வந்த துரைமார் தங்கள் ஊரின் நினைவாக வைத்துவிட்டுப் போனார்கள். காடாக இருந்த மலைகளில் முதலில் கோப்பி நட்டார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. அந்த நோய் சில ஆண்டுகளில் கோப்பிச் செய்கையையே அழித்துவிட, அந்த இடத்தில் தேயிலை வந்தது. 1884இல் புகையிரதப் பாதை ஹட்டனை எட்டியது. அதன் பிறகுதான் இது ஊரானது என்று சொல்லலாம். டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று சுற்றியுள்ள தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் எல்லாம் ஹட்டன் நிலையத்துக்கு வந்து கொழும்புக்கு இறங்கின. அரிசியும் உப்பும் கருவாடும் துணியும் அதே பாதையில் மேலே ஏறின. ஆட்களும் ஏறினார்கள். தமிழகத்தில் பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி, கங்காணிமாரின் பேச்சை நம்பிக் கடல் தாண்டியவர்கள்.

கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கும் மேலே, இரண்டு மலைகளுக்கு நடுவில், ஒரு வீதியும் அதன் இருபுறமும் கடைகளுமாக இருக்கிறது எங்கள் நகரம். நிலையத்தை விட்டு கொட்டகலைப் பக்கம் புறப்பட்டால் சிங்கமலைச் சுரங்கம் வரும். 2019 வரை நாட்டின் புகையிரதச் சுரங்கங்களில் அதுதான் மிக நீளமானதாக இருந்தது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை எல்லாம் கூப்பிடு தூரத்தில். காலையில் பாங்கு ஒலித்த கொஞ்ச நேரத்தில் மலைச்சரிவிலிருந்து தப்புச் சத்தம் கேட்கும் என்று வாப்பும்மா சொல்வார். தோட்டத்து ஆட்களைப் பிரட்டுக்கு எழுப்பும் தப்பு அது. நகரம் ஒரு சத்தத்துக்கு எழும்பியது, மலை இன்னொரு சத்தத்துக்கு எழும்பியது.

இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு எல்லை இருந்தது. கண்ணுக்குத் தெரியாத எல்லை என்று எழுதத் தோன்றும். உண்மையில் அது நன்றாகவே தெரிந்த எல்லை. தோட்டம் தனியாருக்குச் சொந்தமான நிலம். துரையின் அனுமதியில்லாமல் வெளியாள் உள்ளே காலடி வைத்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடலாம். லயத்துக் காம்பராவில் இருப்பவரின் சொந்த மாமனோ மச்சானோ வந்தாலும் தோட்ட நிருவாகம் விரும்பாவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, அதற்கு முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு. அந்த அறையும் இஸ்தோப்பும் துரைக்குச் சொந்தம். அங்கே கூட்டம் போட்டுப் பேச ஒருவராலும் முடியாது.

ஆனால் ஒருவகை வெளியாளைத் தோட்டம் உள்ளே விட்டது. அவர்தான் துணிமூட்டை சுமந்து வரும் வியாபாரி. சம்பள நாளை ஒட்டி லயம் லயமாகப் போய் சேலையும் வேட்டியும் விற்று, பாதிக் காசை வாங்கிக்கொண்டு மீதியைக் கொப்பியில் பற்று எழுதிவிட்டு வருவார். எங்கள் குடும்பம் ஹட்டனில் வேர் பிடித்ததே அப்படித்தான். என் மூத்தவாப்பாவின் வாப்பா இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்தவர். கடை போடக் கையில் காசு சேரும் வரை தலையில் மூட்டையோடு டிக்கோயாப் பக்கத்துத் தோட்டங்களில் அலைந்தவர். நடேசய்யரின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கிய போது என்னை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி இதனால்தான் எனக்கு நெருக்கமானது. அவரும் முதன்முதலில் இந்தத் தோட்டங்களுக்குள் நுழைந்தது புடவை வியாபாரி வேடத்தில்.

தஞ்சாவூரில் அவர் வர்த்தகமித்திரன் என்ற பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார். பெயரே சொல்வது போல அது வியாபாரிகளுக்கான பத்திரிகை. கணக்குப் பதிவு பற்றியும் காப்புறுதி பற்றியும் தமிழில் நூல் எழுதிய ஆள் அவர். இலங்கைக்கு அவர் வந்ததும் இங்குள்ள இந்திய வர்த்தகர்களின் அழைப்பில், அவர்களுடைய சங்க விடயமாகத்தான். வந்த வேலையை முடித்துக்கொண்டு கப்பலேறியிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திராது. தன் நாட்டு மக்கள் மலையில் படும் பாட்டைப் பற்றிக் காதில் விழுந்ததை நேரில் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். ஐயராகப் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆகவே துணிமூட்டையைத் தூக்கினார்.

அவர் உள்ளே கண்டது என்ன என்பதை அந்தக் காலத்துத் தோட்ட வாழ்க்கையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். விடியுமுன் தப்பு. பிரட்டுக்களத்தில் வரிசை. கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட, பிந்தி வந்தவருக்கு அன்றைக்கு வேலையில்லை. மழையில் நனைந்துகொண்டே கொழுந்து. நிறை காணாவிட்டால் அரைப்பேர். அதாவது முழுநாளும் மலையில் நின்றாலும் அரைநாள் சம்பளம்தான். அரிசியைத் தோட்டமே கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும். ஆளுக்கு இவ்வளவு என்று பெரியகங்காணிக்குத் தலைக்காசு. இவை எல்லாவற்றுக்கும் மேலே துண்டு.

துண்டைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். என் வயதுப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லுக்கு மீன் துண்டுதான் நினைவுக்கு வரும். தொழிலாளி ஊரிலிருந்து புறப்படும் போதே கடனாளி. வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி எல்லாம் கங்காணியின் முற்பணம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமென்றால் துரையிடம் ஒரு துண்டுக் கடுதாசி வாங்க வேண்டும். இன்ன தொகைக் கடனைக் கட்டுகிற எவருக்கும் இந்த ஆட்களை விட்டுக்கொடுக்கத் தயார் என்பது அந்தத் துண்டின் கருத்து. புதிய தோட்டத்துக் கங்காணி தன் துரையிடம் காசு வாங்கி அந்தக் கடனைக் கட்டுவார். கட்டிய காசோடு இன்னும் கொஞ்சம் சேர்ந்து அதே தொழிலாளியின் தலையில் மீண்டும் ஏறும். இடம் மாறும், துரை மாறுவார், கடன் மாறாது. தன் பெயரில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பதை வாசிக்கக்கூட அந்த மனிதருக்கு எழுத்துத் தெரியாது. அனுமதியின்றி ஓடிப்போனால் சிறை.

இந்த இடத்தில்தான் கணக்குப் பதிவு நூல் எழுதியவர் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. லயத்தின் ஒழுகும் கூரையையும் குழந்தைகளின் மெலிந்த கைகளையும் பார்த்து இரங்கியவர்கள் அவருக்கு முன்னும் இருந்திருப்பார்கள். நடேசய்யர் இரக்கத்தோடு கணக்கையும் பார்த்தார். யார் பற்று, யார் வரவு, இடையில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டார். அந்தக் கேள்வியை அச்சில் போட்டு ஊரறியக் கேட்டதுதான் அவரைத் துரைமாருக்கும் பெரியகங்காணிமாருக்கும் ஒரே நேரத்தில் பகையாக்கியது.

துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து வந்த அழுத்தமும் இங்கு பலர் செய்த முயற்சியும் சேர்ந்து அதைச் செய்தன. அதே ஆண்டில் கொழும்பில் தேசநேசன் பத்திரிகையில் அவர் எழுதத் தொடங்கியிருந்தார். 1924இல் தேசபக்தனைத் தொடங்கினார். ஆங்கிலத்திலும் பத்திரிகை நடத்தினார், துரைத்தன ஆட்சியைத் தாக்கி ஆங்கிலத்தில் நூலும் எழுதினார். துரைமார் படிக்க வேண்டும் என்றே அதை அவர்கள் மொழியில் எழுதினார் என்று நினைக்கிறேன். 1920களின் நடுவில் இந்தியர்களின் பிரதிநிதியாகச் சட்ட நிரூபண சபைக்கும் போனார்.

கொழும்பில் அப்போது தொழிலாளரின் பெருந்தலைவர் ஏ.ஈ. குணசிங்ஹ. அவரும் நடேசய்யரும் சில ஆண்டுகள் ஒரே சங்கத்தில் தோளோடு தோள் நின்றார்கள். ஒருவர் சிங்களத் தொழிலாளரின் குரல், மற்றவர் தமிழ்த் தொழிலாளரின் குரல். அந்த ஒற்றுமை நிலைத்திருந்தால் இந்த நாட்டின் கதை எப்படிப் போயிருக்கும் என்று எங்கள் வகுப்பில் ஒருநாள் பெரிய வாக்குவாதமே நடந்தது. அது நிலைக்கவில்லை. வேலை குறைந்த காலம் வந்தது. இந்தியத் தொழிலாளரால்தான் சிங்களவருக்கு வேலையில்லை என்ற பேச்சு எழுந்தது. குணசிங்ஹவும் அந்தப் பக்கம் சாய்ந்தார். 1928இல் இருவரும் பிரிந்தார்கள்.

பிரிந்தபின் நடேசய்யர் எடுத்த முடிவுதான் எங்கள் ஊரை வரலாற்றில் ஏற்றியது. கொழும்பில் இருந்துகொண்டு மலையைப் பற்றி எழுதுவது போதாது என்று அவர் ஹட்டனுக்கு வந்தார். 1931இல் இங்கே அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஆரம்பித்தார். தோட்டத் தொழிலாளருக்கென்றே அமைந்த முதலாவது தொழிற்சங்கம் அது.

ஏன் ஹட்டன்? மேலே சொன்ன எல்லையை நினைத்துப் பாருங்கள். தோட்டத்துக்குள் கூட்டம் போட முடியாது. ஆனால் நகரத்து வீதி துரைக்குச் சொந்தமில்லை. சம்பளம் வாங்கிய பின் வரும் ஓய்வு நாளில் தோட்டத்து மக்கள் எப்படியும் நகரத்துக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். ஐந்து மைல், ஏழு மைல் என்று குறுக்குப் பாதையில் நடந்து வருவார்கள். ஆண்கள் தலைப்பாகையும் கோட்டுமாக, பெண்கள் மூக்குத்தி மின்ன, இருக்கிற சேலையில் நல்லதை உடுத்தி, பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி வருவார்கள். கருவாடு, வெற்றிலை, மண்ணெண்ணெய், பிள்ளைக்கு ஒரு இனிப்பு. செட்டியார் கடையில் ஒரு வழக்கு, நானாமார் கடையில் ஒரு பேரம். அடகு வைத்ததை மீட்பவர் ஒருபக்கம், புதிதாக அடகு வைப்பவர் மறுபக்கம். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, கணக்கப்பிள்ளை காதில் விழாது என்ற தைரியத்தில் உரக்கப் பேசக்கூடிய ஒரே நாள் அது. எங்கள் கடையில் இன்றும் அந்த நாளுக்கு மற்ற நாளைவிட இரண்டு மடங்கு சத்தம் உண்டு. வாப்பா அன்று மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதில்லை.

அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் நடேசய்யர் தன் சங்கத்தை வைத்தார். தோட்டத்துக்குள் தான் போக முடியாவிட்டால், தோட்டம் வெளியே வரும் இடத்தில் காத்திருப்பது என்பது அவர் கண்ட வழி. மூட்டை சுமந்து திரிந்த காலத்தில் சம்பள நாளின் அருமையை அவர் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். சங்க அலுவலகத்துக்கு வந்தவர்களின் முறைப்பாட்டை எழுதிக்கொடுத்தார்கள். சம்பளத்தில் வெட்டியது, பற்றுச்சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தை விட்டுத் துரத்தியது, குடும்பத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவரைப் போகச் சொன்னது என்று எத்தனையோ. தொழிலாளர் சட்டத்தைத் தமிழில் புத்தகமாகப் போட்டார். எழுத்துத் தெரிந்த ஒருவர் லயத்தில் இருந்து அதை வாசித்தால் மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கலாம். அவர் 1931இல் எழுதிய ராமசாமி சேர்வையின் சரிதம் மலையகத்தின் முதற் சிறுகதையாக ஆய்வாளரால் கொள்ளப்படுகிறது. எங்கள் தமிழ்ப் பாடத்தோடு அவரை இணைப்பது அந்தக் கதை.

இனி நான் மிகவும் எழுத விரும்பியவரிடம் வருகிறேன். மீனாட்சியம்மாள். நடேசய்யரின் துணைவி. அவரைப் பற்றி எழுதுபவர்கள் அநேகமாகக் கணவரின் கட்டுரைக்குள் ஒரு பந்தியைக் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். நானும் அதையேதான் செய்யப்போகிறேன், ஆனால் பந்தி கொஞ்சம் நீளமாக இருக்கும்.

நகரத்து வீதியில் ஒரு மனிதர் எழுந்து பேசினால் யார் நிற்பார்கள்? சாமான் வாங்க வேண்டும், இருட்டுமுன் மலையேற வேண்டும், அட்டைக்கடி வேறு. மீனாட்சியம்மாள் பாடுவார். பாரதியின் பாடல்களைப் பாடுவார். தாமே கட்டிய பாடல்களை மக்களுக்கு ஏற்கெனவே பழகிய மெட்டுகளில் பாடுவார். சனம் நிற்கும், நின்ற சனம் கூடும். கூடிய பிறகு ஐயர் பேசுவார். தோட்டத்து மக்கள் பாட்டை அறியாதவர்களா? காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் விடியவிடிய ஆடுகிறவர்கள். தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து மலையில் பாடும் பாட்டும் அவர்களிடம் நிறைய இருந்தன. ஆனால் தங்கள் சம்பளத்தையும் கடனையும் வாக்குரிமையையும் பற்றி ஒரு பெண் நடுவீதியில் நின்று பாடக் கேட்பது அவர்களுக்குப் புதிது. எழுத்தறியாத ஒருவருக்குத் துண்டுப்பிரசுரம் கொடுத்தால் அது வெற்றிலை மடிக்கத்தான் உதவும். மெட்டோடு கேட்ட வரி காம்பரா வரைக்கும் கூடவே போகும், பிள்ளையைத் தூங்க வைக்கும் போதும் வாயில் வரும். காவல்காரன் அதைத் தோட்டத்து வாயிலில் சோதித்துப் பறிக்க முடியாது. இந்தியர்களின் இலங்கை வாழ்க்கை நிலைமையைப் பற்றிய தம் பாடல்களை 1940இல் சிறு நூலாகவும் அவர் வெளியிட்டார்.

கணவரின் பத்திரிகைப் பணியிலும் அவருக்குப் பங்கு இருந்தது. சாதிக் கட்டுப்பாடு மிகுந்த குடும்பச் சூழலில் பிறந்த ஒரு பெண், தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர், பனி மூடிய ஒரு கடைவீதியில் முன்பின் தெரியாத ஆயிரம் பேர் முன்னால் குரலெடுத்துப் பாடுவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்! கல்லூரி மண்டபத்தில், தெரிந்த முகங்களின் முன்னால், கையில் எழுதி வைத்த தாளோடு மேடையேறும் போதே எங்களில் பாதிப்பேருக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது. தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த குறைந்தபட்சச் சம்பளத்தில்கூடப் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவாகவே வைத்தார்கள். அது சமமாவதற்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீதியோரத்தில் நின்று மீனாட்சியம்மாளைக் கேட்ட பெண்களில் எத்தனை பேர் அந்த ஆண்டைக் கண்டிருப்பார்கள்?

1931இல்தான் இந்த நாட்டில் ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. தோட்டத்து மக்களுக்கு மட்டும் வதிவிடம், நிரந்தரக் குடியிருப்பு என்று நிபந்தனைகள் வைக்கப்பட்டன. அந்த வடிகட்டலைத் தாண்டி வந்த வாக்குகளோடு 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து நடேசய்யர் அரசாங்க சபைக்குத் தெரிவானார். துணிமூட்டையோடு ஒளிந்து நுழைந்த மலைகளின் பிரதிநிதியாக, இப்போது சட்டம் செய்யும் இடத்தில் உட்கார்ந்தார்.

அவரிடம் குறையே இல்லை என்று நான் எழுதமாட்டேன். யாரோடும் நீண்ட காலம் சேர்ந்து போக அவரால் முடியவில்லை. குணசிங்ஹவோடு பிரிந்ததற்குக் காரணம் இருந்தது, சரி. 1939இல் அரசாங்கம் இந்திய நாட்கூலித் தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கத் தொடங்கிய போது நேரு இலங்கைக்கு வந்தார். சிதறிக் கிடந்த இந்தியர் அமைப்புகள் ஒன்றாகி இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அதனோடும் நடேசய்யர் இணங்கிப் போகவில்லை. தன் சம்மேளனத்தைத் தனியாகவே வைத்திருந்தார். சிலர் இதைத் தன்முனைப்பு என்கிறார்கள். சிலர் பெரியகங்காணிகளும் வசதி படைத்தவர்களும் தலைமையில் இருந்த அமைப்பை அவர் நம்பவில்லை என்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விளைவு ஒன்றுதான். புதிய சங்கம் வளர்ந்தது, அவருடையது மெலிந்தது. 1940இல் தோட்ட முதலாளிமார் வேறு வழியின்றித் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச உடன்படிக்கை செய்தார்கள். சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே வழக்குப் போட்டவர்கள் சங்கத்தோடு மேசையில் உட்கார்ந்தார்கள். அந்த மேசைக்கு வழிவெட்டியவரின் செல்வாக்கு அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தது.

1947இல் நடந்த முதலாவது பாராளுமன்றத் தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேர் வெற்றி பெற்றார்கள். நடேசய்யர் போட்டியிட்டுத் தோற்றார். சில வாரங்களில், நவம்பர் 7ஆம் திகதி, அவர் காலமானார். அறுபது வயது. சுதந்திரத்துக்கு இன்னும் மூன்று மாதங்கள் இருந்தன.

அவர் காணாமல் போனது நல்லதோ என்று என்னை நினைக்க வைப்பது அடுத்த ஆண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இங்கே பிறந்தார், பாட்டன் இங்கே பிறந்தார் என்று காட்டக் கடுதாசி கேட்டார்கள். காம்பராவில் மருத்துவிச்சி கையில் பிறந்து பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் என்று இன்னொன்று. அதே ஆண்டில் வாக்காளர் இடாப்பிலிருந்தும் பெயர்கள் போயின. ஹட்டன் வீதியில் பாட்டுப் பாடித் திரட்டிய வாக்குகள் அவர் அடக்கமான இரண்டு வருடத்துக்குள் இல்லாமல் போயின. அடுத்த பொதுத்தேர்தலில் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூடக் காங்கிரஸுக்குக் கிடைக்கவில்லை.

அந்த இரண்டாவது சட்டத்தின் பெயரை வாசிக்கும் போது என் வகுப்பில் ஒரு மாணவி, அது தோட்டத்துத் தமிழரின் பிரச்சினைதானே, எங்களுக்கும் அதற்கும் என்ன என்று கேட்டாள். எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. மூத்தவாப்பாவின் வாப்பா அந்தச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்த தாள்களின் பிரதிகள் அதற்குள் உள்ளன. கடைக் கணக்குப் புத்தகங்களையே இத்தனை வருடம் இங்கே வாழ்ந்ததற்குச் சாட்சியாகக் கொண்டுபோனாராம். கப்பலில் வந்தவர் மூட்டையில் துணியோடு வந்தாலும் தோளில் மண்வெட்டியோடு வந்தாலும் அந்தச் சட்டத்துக்கு ஒன்றுதான். கடைக்காரரிடமாவது கணக்குப் புத்தகம் இருந்தது.

1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவும், மூன்று இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பது என்று இரு பிரதமர்களும் பிரித்துக்கொண்டார்கள். மீதி ஒன்றரை இலட்சம் பேரின் கதியைப் பிறகு பார்ப்பதாக விட்டார்கள். பெட்டி பெட்டியாகத் தேயிலை இறங்கிய அதே ஹட்டன் நிலையத்தில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் ஏறினார்கள், தலைமன்னாருக்கும் அங்கிருந்து கப்பலுக்கும். வாப்பும்மா அப்போது புதுப்பெண்ணாக ஹட்டனுக்கு வந்திருந்தார். புகையிரதம் நகரத் தொடங்கியதும் எழும் ஓலம் கடை வரைக்கும் கேட்கும், அந்த நேரத்தில் வீதியில் யாரும் வியாபாரம் பேசமாட்டார்கள் என்று சொல்வார். எஞ்சிய நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்து அந்தக் கணக்கை முடிக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

நடேசய்யரை நாடு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மறந்திருந்தது. மலையக எழுத்தாளர் சாரல் நாடன் பழைய பத்திரிகைகளையும் ஆவணங்களையும் தேடிச் சேர்த்து, தேசபக்தன் கோ. நடேசய்யர் என்ற நூலை 1988இல் வெளியிட்டார். பிறகு பத்திரிகையாளராக அவர் ஆற்றிய பணியைப் பற்றித் தனியாக இன்னொரு நூலும் எழுதினார். இன்று நாம் அவரைப் பற்றி அறிந்திருப்பதில் பெரும்பகுதி அந்த உழைப்பால் வந்தது. மீனாட்சியம்மாளுக்கு அப்படி ஒரு முழு நூலை எங்களில் ஒருத்தி எழுதினால் நன்றாயிருக்கும்.

அந்தத் தகரப் பெட்டியில் விண்ணப்பத் தாள்களுக்கு அடியில் பற்றுக் கொப்பிகளும் உண்டு. பெயர், தோட்டம், டிவிஷன், வாங்கிய துணி, கொடுத்த காசு, மீதி. 1970 அளவில் எழுதிய ஒரு கொப்பியில் பக்கம் பக்கமாகச் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டிருக்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் புகையிரதம் ஏறும் நாளுக்கு முன் கடைக்கு வந்து மீதியைக் கட்டிவிட்டுப் போனார்கள் என்று வாப்பும்மா சொன்னார். சில பெயர்களுக்கு நேரே கோடு இல்லை. அவற்றை மூத்தவாப்பா எவரிடமும் கேட்கவுமில்லை, கொப்பியிலிருந்து கிழிக்கவுமில்லை.